எனக்கா, குழந்தைக்கா?

கருவுறும் வயதில் உள்ள பெண்களில் ஒரு பகுதியினர் ஏன் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வதில்லை என்று கேட்டால், பதில் பட்டியலாகவே வரும். படிப்பு குறைவு, வசதி குறைவு, மருத்துவமனை தூரம், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வராதது, வீட்டில் கணவரோ மாமியாரோ முடிவெடுப்பது, ஊசி பற்றிய பயம். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நடந்த குடும்ப நலக் கணக்கெடுப்புகளை வைத்து எழுதப்படும் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். நாடு மாறும், வரிசை கொஞ்சம் முன்பின் ஆகும், காரணங்கள் அதேதான். அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறை படித்து முடிக்கும்போதும் எனக்கு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். பட்டியலில் இருப்பவை எல்லாமே அந்தப் பெண்ணைப் பற்றியவை. அவளுக்கு என்ன இல்லை, அவள் எங்கே வரவில்லை, அவளுக்கு என்ன தெரியாது. ஊசியைக் கையில் வைத்திருப்பவர்கள் அவளிடம் எப்போது கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்பது அந்தப் பட்டியலுக்குள் வருவது அபூர்வம்.

இந்த நோயின் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்த உறுத்தல் ஏன் என்று புரியும். டெட்டனஸ் என்கிற ரணஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் கிடக்கின்றன, விலங்குகளின் குடலில் இருக்கின்றன, கொதிக்கும் நீருக்குக்கூடச் சீக்கிரம் சாவதில்லை. காற்றுப் புகாத காயத்துக்குள் போனால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு நரம்பு வழியே ஏறி, தசைகளை இறுக்கத்திலிருந்து விடுவிக்கிற சமிக்ஞையைத் தடுத்துவிடும். தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும், வெளிச்சமும் சத்தமும் பட்டாலே உடல் வெட்டி இழுக்கும். இத்தனைக்கும் நினைவு தப்பாது, வலி முழுவதையும் அவர் உணர்ந்துகொண்டே இருப்பார். இன்னொன்று: இந்த நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு சக்தி வராது. ஏனென்றால் ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை உருவாக்கத் தேவையான அளவைவிடக் குறைவு. எதிர்ப்பு வேண்டுமென்றால் ஊசி ஒன்றுதான் வழி.

பிறந்த குழந்தைக்கு வரும்போது அது தொடங்கும் விதம் கொடூரமானது. முதல் இரண்டு நாள் குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போலப் பால் குடிக்கும், அழும், தூங்கும். மூன்றாவது நாளிலிருந்து இருபத்தெட்டாவது நாளுக்குள் ஏதோ ஒரு நாள் மார்பில் வாய் வைத்தும் சப்ப முடியாமல் திணறும். பசிக்கு அழும், ஆனால் வாய் திறக்காது. அப்புறம் உடல் விறைக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. தொப்புள்கொடியை அறுத்த கருவியில் அல்லது அறுத்த இடத்தில் வைத்த பொருளில் இருந்த வித்துதான் காரணமாக இருக்கும். தாய்க்கு எதிர்ப்பு சக்தி இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், அந்த முதல் வாரங்களைக் கடத்திவிடும். பப்புவா நியூ கினியாவில் நடந்து 1961இலும், கொலம்பியாவில் நடந்து 1966இலும் வெளியான கள ஆய்வுகள் இதை ஐயம் திரிபறக் காட்டின. கையில் நல்ல மருந்து இருந்தும், 1988இல் மட்டும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

2018க்கு வரும்போது அந்த மதிப்பீடு 25,000. முப்பது ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு குறைவு. இது சாதாரண வேலை அல்ல. இந்தப் பணியில் கால் நோக நடந்தவர்கள் மேல் எனக்குள்ள மரியாதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

பட்டியலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால்

பெரும்பாலான ஆய்வுகளில் முதலிடத்துக்கு வரும் காரணம் கர்ப்பகாலப் பரிசோதனை. நான்கு முறை வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டிருக்கிறார்கள், ஒரு முறைகூட வராதவர்களில் மிகச் சிலரே போட்டிருக்கிறார்கள். சரி. ஆனால் இது காரணம்தானா? ஊசி கிடைப்பதே அந்தப் பரிசோதனை அறையில்தான். வந்தவர்களுக்குக் கிடைத்தது, வராதவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது நடந்ததைத் திரும்பச் சொல்வதுதான். இதை முதன்மைக் காரணம் என்று எழுதிவிட்டால், ஊசியை ஏன் அந்த ஒரு அறைக்குள் மட்டும் வைத்தோம் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. வந்தவர்களிலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பல இடங்களில் மருந்து பத்துப் பேருக்கான குப்பியில் வருகிறது. ஒரே ஒரு பெண்ணுக்காக அதைத் திறந்தால் மீதி வீணாகிவிடுமோ என்ற தயக்கத்தில் “அடுத்த வாரம் வாங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். திறந்த குப்பியை முறையாகக் குளிரில் வைத்திருந்தால் இருபத்தெட்டு நாள் வரை பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் விதியே சொல்கிறது. அந்த விதி எல்லா மேசைக்கும் போய்ச் சேர்வதில்லை. திருப்பி அனுப்பப்பட்ட பெண் அடுத்த வாரம் வராமல் போனால், கணக்கில் ‘வரவில்லை’ என்று அவள் பெயரில்தான் எழுதப்படும்.

படிப்பு என்ற காரணமும் அப்படித்தான். படித்த பெண்களுக்கு டெட்டனஸ் பற்றி அதிகம் தெரியும், அதனால் போட்டுக்கொள்கிறார்கள் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. பட்டம் பெற்ற எத்தனையோ பேருக்கு இது துருப்பிடித்த ஆணியால் வரும் நோய் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. படிப்பு கொடுப்பது வேறு. வரிசையில் நின்று “எனக்கு அந்த ஊசி போட்டாச்சா, அட்டையைப் பாருங்க” என்று கேட்கும் தைரியம். வீட்டில் “இன்னைக்கு நான் போயிட்டு வரேன்” என்று அறிவிக்க முடிகிற இடம். பேருந்து மாறிப் போகத் தெரிவது. அதாவது, மற்றவர்கள் அவள் வார்த்தைக்குக் கொடுக்கிற மதிப்பு. படிக்காத பெண் கேட்டாலும் அதே மதிப்போடு பதில் சொல்கிற செவிலியர் இருக்கும் இடத்தில் படிப்பின் வித்தியாசம் குறையும் என்றே நான் நம்புகிறேன். ஊசி இலவசம்தான். ஆனால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும், பின்னால் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

பிரசவ வரிசை என்றொரு காரணமும் வரும். முதல் கர்ப்பத்தில் போட்டுக்கொள்பவர்கள் அதிகம், நாலாவது ஐந்தாவதில் குறைவு. அனுபவம் வந்துவிட்டதால் அலட்சியம் என்று சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். சிறுவயதில் ஊசி போட்டதற்கான பதிவு இல்லாத பெண்ணுக்கு மொத்தம் ஐந்து தவணை. முதலாவது போட்டு குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து மூன்றாவது, பிறகு குறைந்தது ஓராண்டு இடைவெளிகளில் நான்காவதும் ஐந்தாவதும். முதல் தவணையால் மட்டும் நம்பத் தகுந்த பாதுகாப்பு இல்லை. இரண்டாவதோடு ஒன்று முதல் மூன்றாண்டுப் பாதுகாப்பு, மூன்றாவதோடு ஐந்தாண்டு, நான்காவதோடு பத்தாண்டு, ஐந்து முடிந்தால் கருவுறும் காலம் முழுவதற்கும். அப்படியானால் நாலாவது பிள்ளையைச் சுமக்கிற பெண் ‘இந்தக் கர்ப்பத்தில் ஊசி போடவில்லை’ என்றால், அவள் அலட்சியமாக விட்டவளாகவும் இருக்கலாம், ஐந்தையும் முடித்து ஊசியே தேவைப்படாதவளாகவும் இருக்கலாம். இந்தக் கர்ப்பத்தை மட்டும் கேட்கிற கேள்விக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். பிறக்கும்போது குழந்தைக்குப் பாதுகாப்பு இருந்ததா என்று பார்க்கும் இன்னொரு கணக்கு இதற்காகத்தான் வந்தது. அது தாயின் வாழ்நாள் தவணைகளையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் அதற்கு அவளுடைய வாழ்நாள் பதிவு யாரிடமாவது இருக்க வேண்டுமே.

அந்த வீட்டுத் திண்ணையில்

சில காலம் நான் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலை செய்தேன். பல நாடுகளில் நடக்கும் இத்தகைய கணக்கெடுப்புகளில் டெட்டனஸ் பற்றிய கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தக் கர்ப்பத்தின்போது, குழந்தைக்குப் பிறந்த பின் இழுப்பு வராமல் இருக்க உங்கள் கையில் ஊசி போட்டார்களா? எத்தனை முறை? அதற்கு முன் எப்போதாவது போட்டிருக்கிறீர்களா? அட்டை இருந்தால் பார்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். இருபதுகளின் நடுவில் இருந்த ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டேன். மடியில் கைக்குழந்தை. பின்னால் வாசற்படியில் அவருடைய மாமியார். கேட்டவுடன் அந்தப் பெண் சட்டைக் கையை மேலே தள்ளி இடது தோளுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். “இங்கதான் போட்டாங்க. ரெண்டு நாள் கையைத் தூக்க முடியல. ரெண்டாவது தடவை அவ்வளவா வலிக்கல.” அட்டை? பிரசவத்துக்குப் போனபோது அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்பத் தரவில்லை. மூத்த பிள்ளைக்குப் போட்டது? அதுவும் போட்டார்கள், ஒன்றா இரண்டா என்று நினைவில்லை. நான் கட்டங்களில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாளைத் திருப்பினேன். அப்போது அவர் கேட்டார். “அக்கா, அந்த ஊசி எனக்கா, குழந்தைக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். “குழந்தைக்குத்தான். அதுக்குத்தானே அரை நாள் வேலையை விட்டுட்டு நானே கூட்டிட்டுப் போனேன்.” இரண்டு பேருக்கும்தான் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் விடவில்லை. “எனக்கும்னா, மாசமா இருக்கும்போது மட்டும் ஏன் கேக்கறாங்க? அதுக்கு முன்னாடி கேக்கலையே. இப்பவும் யாரும் கேக்கலையே.” வயலில் வேலை செய்கிறவர் அவர். விரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதைத் தடவிக்கொண்டேதான் கேட்டார். கேள்வித்தாளில் அவர் கேட்டதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. அடுத்தது குழந்தையின் எடை பற்றிய கேள்வி.

அன்றிலிருந்து இந்தத் துறையில் எதைப் படித்தாலும் அந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறேன். அவர் கேட்டது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் வரலாற்றையே அது தொட்டுவிடுகிறது. 1989இல் உலக சுகாதாரப் பேரவை எடுத்த முடிவு பச்சிளம் குழந்தை டெட்டனஸை ஒழிப்பது. 1995க்குள் என்று கெடு வைத்தார்கள், அது தள்ளிப்போனது. 1999இல் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மூன்றும் சேர்ந்து திட்டத்தைப் புதுப்பித்தபோதுதான் அதன் பெயரில் ‘தாய்’ என்ற சொல்லும் சேர்ந்தது. பத்தாண்டு கழித்து. இத்தனைக்கும் கர்ப்பத்திலும், பிரசவம் அல்லது கருக்கலைப்புக்குப் பின் ஆறு வாரத்துக்குள்ளும் வரும் டெட்டனஸால் ஆண்டுக்கு 15,000 முதல் 30,000 பெண்கள் வரை இறந்திருக்கலாம் என்று 1993லேயே ஒரு மதிப்பீடு வெளியாகியிருந்தது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் இறந்தவர்களும் இதில் உண்டு. ஒழிக்கப்பட்டதா என்று சோதிக்கும் அளவுகோல் இன்றும் குழந்தையை வைத்துத்தான்: ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவான பச்சிளம் குழந்தை நோயாளி. அதை எட்டிவிட்டால் தாய்மார்களிடமும் ஒழிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். தாய்மார் மரணத்தைத் தனியாக எண்ணுவது கடினம் என்பது எனக்கும் புரிகிறது. கருக்கலைப்பை மறைக்க வேண்டியிருக்கும் இடங்களில் அது இன்னும் கடினம். ஆனாலும் ‘எனக்கா’ என்று கேட்ட பெண்ணுக்கு இந்த அளவுகோல் நேரடியாகப் பதில் சொல்வதில்லை.

மாமியார் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். குழந்தைக்கு என்று சொன்னதால்தான் அவர் அரை நாள் வேலையை விட்டார். மருமகளுக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா? சந்தேகம்தான். வீட்டில் கடைசிச் சொல் அவளுடையதாக இல்லாத இடங்களில் குழந்தையின் பெயர் கதவைத் திறக்கிறது. களப்பணியாளர்கள் இதை நன்றாக அறிந்து பயன்படுத்துகிறார்கள், அதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வருத்தம் அந்தக் கதவு பிரசவத்தோடு மூடிக்கொள்வதில்தான். அவருக்கு இரண்டு கர்ப்பத்திலும் சேர்த்து நான்கு தவணை போட்டிருக்கக்கூடும். அப்படியானால் இடைவெளியைப் பொறுத்து இன்னும் ஒன்றோ இரண்டோதான், கருவுறும் காலம் முழுக்கக் கவலையில்லை. ஆனால் பதிவு இல்லாததால், மூன்றாவதாகக் கருவுற்றால் மறுபடி முதல் தவணையிலிருந்து தொடங்குவார்கள். கருவுறாவிட்டால் அந்த மீதி ஊசியை யாரும் தர மாட்டார்கள்.

ஏன் பெண்களுக்கு மட்டும்?

அந்தப் பெண் ஆர்வத்தோடு கேட்ட கேள்வியை வேறு பல இடங்களில் மக்கள் பயத்தோடு கேட்டிருக்கிறார்கள். 1990இல் கேமரூனில், இது பெண்களை மலடாக்கும் ஊசி என்ற வதந்தி பரவி, ஊசி போட வந்தவர்களைக் கண்டு பள்ளி மாணவிகள் ஓடினார்கள். 1995இல் பிலிப்பைன்ஸில் கருக்கலைப்பு எதிர்ப்புக் குழுவினர் நீதிமன்றம் போய் இந்தத் தடுப்பூசி முகாமுக்கு இடைக்காலத் தடை வாங்கினார்கள். 2014இல் கென்யாவில் கத்தோலிக்க ஆயர்கள், ஊசியில் கர்ப்பத்தைத் தடுப்பதற்காக எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோன் கலந்திருக்கிறது என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய சோதனைகள் மனித ரத்தத்திலும் சிறுநீரிலும் அந்த ஹார்மோனைத் தேடுவதற்கானவை, தடுப்பு மருந்தைச் சோதிப்பதற்கானவை அல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குற்றச்சாட்டை மறுத்தன. மருந்தில் அப்படி எதுவும் இல்லை, அது பாதுகாப்பானது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

ஆனால் இந்த வதந்தி ஏன் நாடு விட்டு நாடு போய் இதே உருவத்தில் முளைக்கிறது என்று யோசிக்க வேண்டும். அதற்கு ஒரு வேர் உண்டு. கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கும் ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்தது. இந்திய விஞ்ஞானி ஜி. பி. தல்வார் குழுவினர், அதே ஹார்மோனை டெட்டனஸ் டாக்ஸாய்டோடு, அதாவது தடுப்பூசியில் உள்ள வீரியம் நீக்கிய நஞ்சோடு, இணைத்துச் செய்த சோதனையின் முடிவுகள் 1994இல் வெளியாயின. உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்த ஹார்மோனைக் கவனிக்கச் செய்ய ஒரு சுமக்கும் புரதம் தேவைப்பட்டது, அதற்குத்தான் டெட்டனஸ் டாக்ஸாய்டு. முகாமில் போடும் ஊசி வேறு, இது வேறு. இருந்தாலும் இரண்டிலும் ஒரே பெயர் இருப்பதைக் கண்டவர்களுக்கு மீதிக் கதையைக் கட்ட நேரமாகவில்லை. அதற்கு மேல் முகாமின் அமைப்பு. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களுக்கு மட்டும். ஆண்களுக்கு இல்லை, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இல்லை. ஆணி குத்தினால் ஆணுக்கும் இதே நோய்தானே வரும், பின் ஏன் பெண்களை மட்டும் தேடி வருகிறார்கள்? கருப்பையைக் குறிவைத்த ஊசி என்று நினைக்க இது போதும்.

மருத்துவ ரீதியாக இதற்கு நல்ல பதில் உண்டு. ஆபத்து அதிகமான மாவட்டங்களில் மரணத்தை வேகமாகக் குறைக்க, பிரசவிக்கக்கூடிய எல்லாப் பெண்களுக்கும் சுற்றுச் சுற்றாக மூன்று தவணை கொடுத்துவிடுவது சிறந்த வழி. பரிசோதனை அறைக்கு வராத பெண்ணையும் அது எட்டும், கர்ப்பமாக இல்லாதவளையும் எட்டும். நான் மேலே சொன்ன குறைக்கு ஒரு பாதி பதில் இந்த முகாம்கள்தான் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பதிலை ஊசி போடுவதற்கு முன்பே, அவளுக்குப் புரியும் விதத்தில், அவளிடமே சொல்ல வேண்டும். சொல்லாமல் வரிசையில் நிறுத்தினால் சந்தேகப்படுவதுதான் இயல்பு. பெண்களின் உடல் மேல் அவர்களைக் கேட்காமல் திட்டங்கள் நடத்திய வரலாறு பல நாடுகளுக்கு உண்டு. கட்டாயக் கருத்தடையை நேரில் கண்ட தலைமுறையும் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய பயத்தை ‘விழிப்புணர்வு இல்லாமை’ என்ற கட்டத்தில் போட்டு மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் ஊசி ஏறும்போது எதற்கு என்று கேட்பது விழிப்புணர்வுதான்.

மிச்சம் இருப்பவர்கள் யார்

தட்டம்மை போன்ற நோய்களில், ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுவிட்டால் போடாத சிலருக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும். டெட்டனஸில் அந்தச் சலுகை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் குடை பிடித்தால் நாம் நனையாமல் இருக்க முடியாது. மண்ணிலிருந்து வித்துகளை அழிக்க முடியாது என்பதால் இந்த நோயைப் பெரியம்மை மாதிரி பூண்டோடு ஒழிக்கவும் முடியாது. இந்தியா 2015இல் தாய்-சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. அதன் பொருள், ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்திருக்கிறோம், அங்கேயே பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான். முன்னுரிமைப் பட்டியலில் இருந்த 59 நாடுகளில் பெரும்பாலானவை அந்த இலக்கை எட்டிவிட்டன. எட்டாத சில நாடுகளில் பெரும்பாலும் போரோ இடப்பெயர்வோ நடந்துகொண்டிருக்கிறது.

எட்டிய நாடுகளுக்குள்ளும் மிச்சம் இருப்பவர்களைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் போட்டாகிவிட்டது என்றால், அந்தப் பத்துப் பேர் நூறில் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறியவர்கள் இல்லை. பரிசோதனைக்கு வராத அதே பெண்தான் வீட்டில் பிரசவிக்கிறாள். வீட்டில் பிரசவிக்கிற அதே பெண்ணுக்குத்தான் சுத்தமான கத்தியும் கையுறையும் கிடைப்பதில்லை. அதே பெண்தான் வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்கிறாள். அவள் குழந்தை பால் குடிக்காமல் போனால் தூக்கிக்கொண்டு ஓட மருத்துவமனை பக்கத்தில் இல்லை, இறந்தால் பிறப்பும் பதிவாகாது இறப்பும் பதிவாகாது. பாதுகாப்பு இல்லாதவளும் ஆபத்து மிகுந்தவளும் ஒரே ஆள். இந்த நோயில் தொண்ணூறு சதவீதம் என்ற எண் மனதை ஆற்ற வேண்டிய எண் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். ஊசி போடப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லாத இடங்களுக்கென்று, மருந்தும் ஊசியும் சேர்ந்தே வரும் ‘யூனிஜெக்ட்’ என்ற சிறு கருவி வந்தது. குமிழை அமுக்கினால் ஓர் ஆளுக்கான மருந்து இறங்கும், மறுபடி பயன்படுத்த முடியாது. சுகாதாரத் தொண்டர்களே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் போட முடிந்தது. தூரம் என்ற காரணத்தை அந்தப் பெண்ணின் குறையாக எழுதாமல் மருந்தின் வடிவத்தில் தீர்க்கப் பார்த்தார்கள் அல்லவா, அந்த மாதிரி யோசனைதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட நிலைப்பாடு இந்தத் திசையில் ஒரு பெரிய அடி. கைக்குழந்தைப் பருவத்தில் மூன்று தவணை, அப்புறம் 12 முதல் 23 மாதத்துக்குள் ஒன்று, 4 முதல் 7 வயதுக்குள் ஒன்று, 9 முதல் 15 வயதுக்குள் ஒன்று. மொத்தம் ஆறு. ஆண், பெண் இருவருக்கும். இந்த ஆறும் முறையாகப் போட்டு, பதிவும் இருந்தால், பிறகு அவள் கருவுறும்போது டெட்டனஸுக்காக ஊசி தேவைப்படாது. அவள் யாருக்கும் தாயாவதற்கு முன்பே, தாயாகாமலே போனாலும், அது அவளுக்கான பாதுகாப்பு. கர்ப்பிணிகளை மட்டும் கவனித்ததில் பையன்களும் விடுபட்டிருந்தார்கள். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆண்களுக்குச் சுன்னத் அறுவை செய்தபோது சிலருக்கு டெட்டனஸ் வந்தது. வளர்ந்த ஆண்களுக்கு யாரும் ஊக்கத் தவணை கொடுத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் பொதுவான ஊசி என்று ஆகிவிட்டால் ‘ஏன் பெண்களுக்கு மட்டும்’ என்ற கேள்விக்கும் இடம் இருக்காது.

ஆனால் அந்த ஆறாவது தவணையைப் பல நாடுகள் பள்ளியில் வைத்துத்தான் போடுகின்றன. ஒன்பது வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் நடுவில் பள்ளியை விட்டு நின்றுவிடும் பெண் யார்? சீக்கிரம் கல்யாணம் ஆகப்போகிறவள், வீட்டில் பிரசவம் பார்க்க வாய்ப்பு அதிகம் உள்ளவள். கர்ப்பகால அறையின் வாசலில் தவறவிட்ட அதே பெண்ணைப் பள்ளி வாசலிலும் தவறவிடுகிற ஏற்பாடு இது. பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட பெண்களின் பட்டியல் சுகாதாரப் பணியாளர் கைக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு ஊசி போட வரும் தாயிடம் அதே மேசையில் அவளுடைய தவணையையும் கேட்க வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போட வருபவளிடமும், காய்ச்சலுக்கு வருபவளிடமும் கேட்க வேண்டும். போட்டவுடன் தேதி எழுதிய அட்டையைப் பிரசவ வார்டில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் அவள் கையிலேயே கொடுத்து, எத்தனையாவது தவணை, இன்னும் எத்தனை பாக்கி, எதற்காக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் போதவில்லை என்றால், அடுத்த ஆய்வின் காரணப் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதட்டும்.